தாத்தா ஆயாவுக்கு ஜப்பானைச் சுற்றிக் காட்டுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே பிள்ளை ஜப்பானில் வேலை பார்க்கும் வீடுகள் இப்போது சில இருக்கின்றன. நாங்கள் டோக்கியோவில் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். அதனால் யார் வீட்டிலாவது பெரியவர்கள் விசா பேச்சை எடுத்தால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வந்ததும் கேட்பது, "எங்கெங்க கூட்டினு போகணும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடும்மா" என்பதுதான். லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் எழுபது வயதை நெருங்கும் இருவரை அந்த லிஸ்டின்படி இழுத்துக்கொண்டு போனால் முழங்கால் வலியும் தூக்கமும்தான் மிஞ்சும். "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போலாமா" என்று கேட்டுவிடுவார்கள்.

என் மாமனார் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் பிறந்தது மீனவர் பகுதியான காசிமேடு. அவர்கள் எங்களோடு வந்து தங்கியபோது நாங்கள் கடைப்பிடித்தது இரண்டே விஷயம். ஒன்று, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஜப்பானில் எது ஒட்டும் என்று யோசித்து அந்த இடத்துக்கு மட்டும் அழைத்துப் போவது. இன்னொன்று, எங்கள் துணை இல்லாமல் அவர்களாகவே போய்வர வீட்டுப் பக்கத்தில் ஓர் இடம் பழக்கிவிடுவது. இரண்டாவதுதான் முக்கியம். நாள் முழுக்கப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து நாம் வேலையிலிருந்து வரும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பெரிய தண்டனை. அந்த நிலை வராமல் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

உறவினரைப் பார்க்கப் போவதற்கான குறுகிய கால விசா அதிகபட்சம் 90 நாள் கிடைக்கும். அங்கே இருக்கும் பிள்ளை அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், தங்கும் நாட்களுக்கான திட்டம் ஆகியவற்றை எழுத வேண்டும். அவற்றோடு வார்டு அலுவலகத்தில் தரும் 'ஜூமின்ஹ்யோ' என்ற குடியிருப்புச் சான்று, வரிச் சான்று, கம்பெனி தரும் வேலைச் சான்று எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். இங்கே பெரியவர்கள் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் விண்ணப்பம் கொடுப்பார்கள். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது உறவை நிரூபிக்கும் காகிதத்தில். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு ஸ்பெல்லிங்கில் இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி இருக்கும், ஆதாரில் மூன்றாவது மாதிரி. டிக்கெட் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கே பல வாரம் ஓடிவிடும்.

எந்த மாதம் போவது என்று கேட்டால், நான் அக்டோபர் நடுப்பகுதி என்பேன். செர்ரிப்பூ மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் பூக்கும், அழகுதான். ஆனால் அந்த நேரத்துக் கூட்டமும் ஹோட்டல் வாடகையும் வயதானவர்களுக்கு ஒத்துவராது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை விடுமுறைக் கூட்டம், ஜூனில் மழை, ஆகஸ்டில் நம் ஊரையே மறக்கடிக்கும் புழுக்கம், அதன்பின் புயல். அக்டோபர் நடுவில் வந்தால் வெயிலும் இதமாக இருக்கும், நவம்பர் கடைசியில் டோக்கியோவில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதையும் பார்த்துவிடலாம். குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் உடம்பும் பழகிக்கொள்ளும்.

மருந்து விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு உள்ள அளவுதான் அனுமதிச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகலாம். மூன்று மாதம் தங்குகிற பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை அதைவிட அதிகம் தேவைப்படும். அப்படியென்றால் 'யுன்யூ ககுனின்ஷோ' என்ற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். இன்சுலின் ஊசிக்கும் இதே கணக்குதான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஜப்பானில் இருக்கும் பிள்ளை உதவி செய்தால் சுலபமாக முடியும். மருத்துவரிடம் மருந்தின் வேதிப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சளி மாத்திரை, இருமல் சிரப் என்று தெருமுனை மருந்துக்கடையில் வாங்கியதைப் பையில் திணிக்க வேண்டாம். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து அங்கே தடை. கோடீன் உள்ள மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

பெட்டியில் இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது, மட்டன் ஊறுகாய்கூட. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரிசி பருப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் இருந்த நிஷி கசாயில் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இட்லி அரிசியிலிருந்து புளிவரை கிடைக்கும். அந்த எடைக்கு ஃபில்டர் காபிப் பொடியும் வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூளும் கொண்டுபோகலாம். அத்தை காசிமேட்டில் வாங்கிய கருவாட்டை மூன்று சுற்று பிளாஸ்டிக் போட்டுக் கட்டி எடுத்து வந்தார். இறைச்சிக்கு உள்ள தடை மீனுக்கு இல்லை. சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

காலுக்கு ஒட்டுப்பட்டி வைத்த ஷூ வாங்கிக் கொடுங்கள். வீடு, கோயில், சில சாப்பாட்டுக்கடை என்று நாளில் பல தடவை கழற்ற வேண்டி வரும். லேஸ் கட்டக் குனிவது இந்த வயதில் முடியாது. ஷூவை ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகட்டும். பழகுவதற்கு நான் சொல்லும் இடம் நம் தண்டையார்பேட்டை மெட்ரோதான். கார்டைத் தட்டி கேட்டைக் கடப்பது, எஸ்கலேட்டரில் கால் வைப்பது, இறங்குவது, கதவு மூடுவதற்குள் பதறாமல் ஏறுவது எல்லாமே டோக்கியோவில் தினமும் வேண்டியவை. சென்ட்ரல்வரை போய்த் திரும்பட்டும். இந்த மெட்ரோவைக் கட்ட ஜப்பானின் ஜைக்கா கடன் கொடுத்தது என்று சொன்னதும் மாமா ரயில் பெட்டியின் ஒவ்வொரு கதவையும் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்.

பயணக் காப்பீடு எடுக்காமல் அனுப்பாதீர்கள். சுற்றுலா விசாவிலோ உறவினர் விசாவிலோ வருபவருக்கு ஜப்பானின் மருத்துவக் காப்பீடு பொருந்தாது. செலவு முழுவதும் நம் தலையில்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் ஈடு தரும் திட்டமா என்று கேட்டு, எழுத்தில் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தவர்களும் கேட்கலாம். நடுவில் சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறும்போது இருவரையும் ஒருவர் கையோடு அழைத்துப்போய் அடுத்த கேட்டில் உட்காரவைப்பார். மொழி தெரியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று அத்தை இன்றும் சொல்வார்.

முதல் வாரம் வீட்டைவிட்டு எங்கும் வேண்டாம்

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். முதல் சில நாள் அவர்கள் இரவு ஒரு மணிவரை முழித்திருப்பார்கள், காலையில் எழ மாட்டார்கள். அந்த வாரத்தை வீட்டைக் கற்றுக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். கூச்சப்பட்டு யாரும் சொல்லித்தராமல் விடுகிற விஷயம் இது, பெரியவர்கள் வெளியே வரத் தயங்குவதற்கு முதல் காரணமும் இதுவே. ஜப்பானியக் கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும் வசதி இருப்பதால் நம் ஆட்களுக்கு மற்ற வெளிநாடுகளில் வரும் தொல்லை அங்கே இல்லை. பட்டன்தான் குழப்பும். எங்கள் வீட்டில் நிறுத்தும் பட்டன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். "அத்தை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் பரவாயில்லை, கடைசியில் பொட்டு வெச்சதை அழுத்துங்க" என்று மட்டும் சொன்னேன். வெளிக் கழிப்பறைகளில் அந்தப் பட்டனில் சின்னச் சதுரம் போட்டிருக்கும். இன்னொன்று, பொது இடங்களில் அவசர உதவிக்கு அழைக்கும் பட்டனும் சுவரில் இருக்கும். தண்ணீர் ஊற்றுவதற்கு என்று நினைத்து அதை அழுத்திவிட்டால் ஆள் ஓடி வந்துவிடுவார். போனில் அதைப் படம் எடுத்துக் காட்டி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் பாட்டில் அங்கே கல்லாகிவிடும். வாய் அகலமான டப்பாவில் மாற்றி வைத்தால் விரலால் எடுத்துக்கொள்ளலாம். நவம்பருக்குமேல் காற்று ரொம்பவும் வறண்டிருக்கும், குதிகால் வெடிக்கும். இரவில் எண்ணெய் தடவி சாக்ஸ் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். குளிருக்குத் தடியான ஸ்வெட்டரைவிட, உடம்போடு ஒட்டும் மெல்லிய உள்ளாடை இரண்டு நன்றாகத் தாங்கும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புடவைக்கு உள்ளேயும் அது அடங்கும்.

காலை 6.30 மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி இசை வரும். 'ரேடியோ தைசோ' என்பார்கள். 1928-இல் தொடங்கிய பழக்கம். பல பூங்காக்களில் வயதானவர்கள் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு வட்டமாக நின்று கையைக் காலை ஆட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். மாமா முதலில் பூங்கா வேலியோரம் நின்று பார்த்தார். அடுத்த நாளே ஒரு பாட்டி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திவிட்டார். அதன்பின் அலாரம் இல்லாமலே எழுந்து போனார். மொழி தேவையே இல்லாத சிநேகம் அது. வந்தவர்களுக்கு அந்த ஊரில் தங்களைத் தெரிந்த நான்கு முகம் கிடைத்துவிடுகிறது. டோக்கியோ டவரைக் காட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், அவர்களாகவே போய்வரும் இடம். எங்களுக்கு அமைந்தது கிட்டா கசாயில் உள்ள க்யோசென் பூங்கா. அதற்குள் எதோகாவா வார்டு நடத்தும் சின்ன விலங்குப் பூங்கா இருக்கிறது, அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. நிஷி கசாய் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். பேத்தியை விட்டு வழி காட்டச் சொல்லுங்கள், நாம் காட்ட வேண்டாம். எங்கள் பெண் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "தாத்தா, இங்க நீல போர்டு கடை, இங்க ரைட்டு" என்று சொல்லித் தாத்தா போனிலேயே படம் எடுக்க வைத்தாள். பிறகு ஒரு நாள் அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் வாயைத் திறக்காமல் போனாள். அதற்கடுத்து ஆயாவும் தாத்தாவும் மட்டும்.

தனியாக அனுப்பும்போது சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். ஜப்பானிய மொழியில் வீட்டு முகவரி, உங்கள் போன் நம்பர், என்ன நோய், என்ன மாத்திரை என்று எழுதியது. வழி தவறினால் 'கோபான்' என்ற சின்னப் போலீஸ் சாவடியில் அந்த அட்டையைக் காட்டினால் போதும். போலீஸ் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதனால் ஒரு தடவை நேரிலேயே அழைத்துப்போய் அங்கிருக்கும் காவலருக்கு வணக்கம் சொல்ல வைத்துவிடுங்கள். மாலையில் வார்டு ஒலிபெருக்கியில் பிள்ளைகள் வீடு திரும்ப ஒரு மெட்டு போடுவார்கள். அது கேட்டதும் கிளம்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

மாமாவுக்கு ரயில்

வெளியே போவதற்கு என் கணக்கு எளிது. ஒரு நாளுக்கு ஓர் இடம், மறுநாள் ஓய்வு. காலை ஒன்பதரைக்கு முன் ரயில் ஏறாதீர்கள். நாங்கள் இருந்த தோசாய் லைன் டோக்கியோவிலேயே நெரிசல் மிகுந்த வழித்தடங்களில் ஒன்று. 2019-இல் உச்ச நேரத்தில் கொள்ளளவைப்போல் 199 சதவீதம் கூட்டம் ஏறியது. வயதானவர்களை அதில் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்று முதல்நாள் இரவே பார்த்து வையுங்கள். தவறான வாசலில் வெளியேறினால் அறுபது எழுபது படி ஏற வேண்டி வரும். டோக்கியோவில் எஸ்கலேட்டரில் இடது பக்கம் நிற்பார்கள். டாக்சியின் பின்கதவு தானாகத் திறந்து மூடும். கையால் இழுக்க விடாதீர்கள்.

சைதாமாவில் ஓமியா பக்கத்தில் ரயில்வே மியூசியம் இருக்கிறது. 2007-இல் திறந்தது. ஓமியாவில் இறங்கி நியூ ஷட்டில் வண்டியில் ஒரே ஒரு ஸ்டேஷன். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை. டிக்கெட்டை முன்கூட்டியே கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கலாம். ரயிலோடு வாழ்ந்த எந்தத் தாத்தாவுக்கும் ஒரு முழு நாள் போதாது. 1964 அக்டோபர் 1-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலின் முதல் வகை வண்டி அங்கே நிற்கிறது. மாமா அதன் மூக்கைப் பார்க்கவே இல்லை. குனிந்து சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் பார்த்தார். "உள்ள இன்னா போகி போட்டிருக்கான்னு பாரு" என்று பேரனைத் தரையில் மண்டியிட வைத்தார். ஐசிஎஃப் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எதை எதைக் கற்றுக்கொண்டன என்று அவர் பேரனுக்குச் சொன்ன பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஜப்பானின் முதல் ரயில் எஞ்சினும் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரி 1871-இல் செய்தது. 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே ஜப்பானில் ரயில் ஓட ஆரம்பித்தது. பலகையில் 1872 என்ற எண்ணைப் பார்த்ததும் மாமா நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானியப் பெரியவரிடம் தன் போனில் 1856 என்று தட்டிக் காட்டினார். "எங்க ராயபுரத்துல அப்பவே ரயில் ஓடிச்சி. சொல்லும்மா அவர்கிட்ட" என்றார். என் பெண் மொழிபெயர்த்தாள். அந்தப் பெரியவர் 1856, 1872 என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, பதினாறு என்று காட்டித் தலை குனிந்து வணங்கினார். மாமாவும் வணங்கினார். இருவரும் அப்புறம் எஞ்சினைச் சுற்றி ஒன்றாகவே நடந்தார்கள். ராயபுரம் ஸ்டேஷன் கட்டடத்தின் படம் இரண்டு மூன்று போனில் ஏற்றிக்கொண்டு போங்கள், கட்டாயம் பயன்படும்.

புல்லட் ரயிலில் ஏற்றிப்போகக் காசு இல்லை என்றாலும் குறையில்லை. டோக்கியோ ஸ்டேஷனில் 150 யென் அளவில் பிளாட்பாரச் சீட்டு வாங்கினால் இரண்டு மணி நேரம் நின்று பார்க்கலாம். வண்டி வந்து நின்றதும் துப்புரவுப் பணியாளர்கள் ஏறி ஏழே நிமிடத்தில் மொத்தப் பெட்டியையும் கூட்டித் துடைத்து, இருக்கைகளைப் போகும் திசைக்குத் திருப்பிவிட்டு இறங்கி வணங்குவார்கள். மாமா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கசாயில் மேம்பாலத்துக்கு அடியில் சுரங்க ரயில் மியூசியமும் ஒன்று உண்டு; 1927-இல் உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் ஓடிய முதல் வண்டி அங்கே இருக்கிறது. மழை நாளுக்கு ஏற்றது.

அத்தைக்குச் சாமியும் மீனும்

அசாகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் மத்சுசியாமா ஷோதென் என்று சின்னக் குன்றுக் கோயில் இருக்கிறது. அதை விடாதீர்கள். அங்கிருக்கும் மூலவர் காங்கிதென், அதாவது நம் பிள்ளையார்தான். சிலையைக் காட்ட மாட்டார்கள். ஆனால் முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிப் படைக்கலாம், கோயிலிலேயே விற்கிறார்கள். குன்றின் மேலே போகப் படி ஏற முடியாதவர்களுக்கு ஒரு சிறிய சாய்வு வண்டி இலவசமாக ஓடுகிறது. அத்தை இரு கையாலும் முள்ளங்கியை ஏந்திக்கொண்டு நின்றதையும், தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் நகர்ந்ததையும் பார்த்து அங்கிருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே சாமி படைத்த முள்ளங்கி ஒன்றைக் கையில் கொடுத்தார். மறுநாள் சாம்பாரில் அதுதான்.

உயேனோவில் ஷினோபாசு குளத்துக்கு நடுவே பென்சாய்தென் கோயில். அது சரஸ்வதி, வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவி. குளத்தை ஒட்டிய பாதை வழியாகப் போனால் பெரிய படிக்கட்டு இல்லை. ஷிபாமாதாவில் இந்திரனுக்கு ஒரு கோயில் இருக்கிறது, தாய்ஷாகுதென் என்று பெயர். அந்தப் பழைய கடைத்தெருவே பார்க்க அழகு. வடிவுடையம்மனை வெள்ளிக்கிழமை பார்க்காமல் இருக்க முடியாதவருக்கு இந்தச் சாமிகளைக் காட்டினால் ஊர் அந்நியமாகத் தெரியாது.

மீனுக்கு, தொயோசு பெரிய சந்தையைவிட சுகிஜி வெளிச்சந்தையையே சொல்வேன். மொத்த வியாபாரம் 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. ஆனால் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். காசிமேட்டில் மீனைக் கையால் தொட்டுப் பார்த்து வளர்ந்தவருக்கு அது ஒத்துவராது. சுகிஜியில் கடை கடையாக நின்று பார்க்கலாம், சுடச்சுட வாங்கிச் சாப்பிடலாம். காலையிலேயே போங்கள், மதியத்துக்குமேல் மூடிவிடுவார்கள். ஞாயிறும் பல புதன்கிழமைகளும் விடுமுறை.

அதைவிட அத்தைக்குப் பிடித்தது எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்தான். முதல் நாள் துண்டு போட்டு பிளாஸ்டிக் தட்டில் அடுக்கிய மீனைப் பார்த்து, "தலை எங்கம்மா? தலை இல்லாம எப்படி நம்பி வாங்குறது?" என்று கேட்டார். முழு மீன் வைத்திருக்கும் ஐஸ் தட்டுக்கு அழைத்துப் போனேன். கானாங்கெளுத்தியின் கண்ணைப் பார்த்தார், செவுளைத் தூக்கப் போனார். தொடக் கூடாது என்று தடுத்தேன். பார்வையாலேயே இரண்டு தேர்ந்தெடுத்தார். கவுன்ட்டரில் சொன்னால் குடலை எடுத்துச் சுத்தம் செய்து தருவார்கள், காசு கேட்பதில்லை. இரவு ஏழு மணிக்குமேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவதைக் கண்டுபிடித்த பிறகு அத்தையை அந்த நேரத்தில் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. உலர்ந்த சரக்குத் தட்டில் 'நிபோஷி' கிடைக்கும். அவித்துக் காயவைத்த சிறு மீன், நெத்திலி போலவே குழம்புக்கு ஆகும். கருவாடு வறுப்பதென்றால் பக்கத்து வீட்டு பால்கனியில் துணி காயாத நேரமாகப் பார்த்து, அடுப்பு விசிறியை முழு வேகத்தில் வைத்து வறுங்கள். அந்த மரியாதையை அவர்கள் கவனிப்பார்கள்.

வெளியே சாப்பிடும்போது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். காய்கறி உணவு என்று தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். விரத நாளில் வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போவதே நல்லது. பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குப்பையை மட்டும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

ஒரு இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தையின் அப்பா ரங்கூனிலிருந்து வந்தவர். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும்போதெல்லாம் அத்தை அவரை நினைப்பார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாலையோடு இருக்கும். டோக்கியோவில் ஹிகாஷி கோயென்ஜி ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ரென்கோஜி என்று ஒரு சிறிய புத்தர் கோயில் இருக்கிறது. நேதாஜியின் அஸ்தி என்று அங்கே ஒன்றைப் பாதுகாத்து வருகிறார்கள். முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. நேரு 1957-இலும், ராஜேந்திர பிரசாத் 1958-இலும், இந்திரா காந்தி 1969-இலும் வந்து போயிருக்கிறார்கள். அத்தை சிலைமுன் வெகுநேரம் நின்றார். வட சென்னையில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீட்டுப் பெரியவர்கள் டோக்கியோ வந்தால் முதலில் இங்கே அழைத்துப் போங்கள்.

தொலைவுப் பயணமும் உடம்பும்

க்யோத்தோவுக்கு ஒரே ஒரு பயணம் போதும், இரண்டு இரவு தங்குங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் பெரியவர்களுக்குக் கிடைக்கும், அங்கே குடியிருக்கும் நமக்குக் கிடைக்காது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. டோக்கியோ-க்யோத்தோ போக ஒரு வழிக்கு 14,000 யென் அளவில்தான் ஆகிறது. போய்வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். போகும்போது வலதுபக்க ஜன்னலோர 'ஈ' இருக்கை எடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை முழுசாகத் தெரியும். இன்னும் சுலபமாக ஃபூஜி பார்க்க, டோக்கியோவிலேயே ஃபுனாபோரி டவர் ஹாலின் மேல்தளத்துக்கு லிஃப்டில் இலவசமாகப் போகலாம். டிசம்பர் காலை நேரத்தில் மலை தெளிவாக நிற்கும்.

க்யோத்தோவில் மேடும் படியுமான கோயில்களை விட்டுவிடுங்கள். சஞ்சூசாங்கென்தோ தரைமட்டம். நீண்ட மண்டபத்தில் கண்ணோன் என்ற கருணைத் தெய்வத்தின் 1,001 சிலைகள், முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அதில் நம் கருடனும் இந்திரனும் இருக்கிறார்கள். நாராவின் தோதாய்ஜி பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற பிக்கு. இதைச் சிலைக்கு முன்னால் நின்று சொல்லுங்கள், அங்கே சொன்னால்தான் மனதில் ஏறும்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 119, போலீஸ் 110. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. நிலநடுக்க எச்சரிக்கை போனில் அலறும். அந்தச் சத்தத்தை முன்பே சொல்லி, மேஜைக்கு அடியில் போக வேண்டும், வெளியே ஓடக் கூடாது என்று பிள்ளைகளை விட்டு நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

திரும்பும் தேதியைக் கிறிஸ்துமஸுக்கு முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை வார்டு அலுவலகமும் பெரும்பாலான கிளினிக்குகளும் மூடியிருக்கும், டிக்கெட் விலையும் ஏறிவிடும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அத்தைகள் எப்படியும் நவம்பரிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுடைய ரயில் கார்டைத் திருப்பிக் கொடுத்து 500 யென் வாங்க வேண்டாம். கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து பத்து வருடம் செல்லும். பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே போட்டு ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.